ஒரு மாத்திரை நேரம்

நுழையும்முன்

கணினித் திரையில் ஒரு சாளரம் திறக்கிறது, பின் மூடுகிறது. அதற்கிடையே ஒரு கண்ணிமைப்பொழுது கழிகிறது. அச்சிறு பொழுதில் திரையில் தோன்றும் அசைவு ஒருவருக்கு வேடிக்கையாகவும் மற்றொருவருக்கு வழிகாட்டியாகவும் இன்னொருவருக்குத் துன்பமாகவும் அமையக்கூடும். அதன் அளவை முடிவு செய்ய வேண்டியவர் யார்? தாம்பரத்தை அடுத்த பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதைக் கூறும் தன்னனுபவக் கட்டுரை இது.

தீப்பற்றிய சாளரம்

2012ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். மேற்குத் தாம்பரத்தை அடுத்த அரசு மேனிலைப்பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பின் கணினி அறிவியல் பிரிவுக்கு வகுப்பாசிரியரும் நானே. ஒருநாள் நண்பகல் உணவு இடைவேளையில், என் வகுப்பு மாணவன் ஒருவன் தோளில் மடிக்கணினிப் பையுடன் ஆசிரியர் ஓய்வறை வாயிலில் வந்து நின்றான்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். ரெண்டே நிமிஷம்தான்."

அம்மடிக்கணினி அவனுடைய அண்ணனுடையது. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. முந்தைய ஆண்டு எங்கள் பள்ளியில் படித்துத் தேறிய அவன் அண்ணன் அத்திட்டத்தின்கீழ் அதனைப் பெற்றிருந்தான். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அண்ணன் கல்லூரிக்குச் சேர்க்கை நாடி அலைந்துகொண்டிருந்த நாள்களில் தம்பி அதன் மூலைமுடுக்கெல்லாம் ஆராய்ந்து முடித்திருந்தான்.

அதில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதன் முதற்பதிப்பு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்மேல் 'காம்பிஸ்' என்னும் சாளர மேலாளரை மாணவன் தானே தேடி நிறுவியிருந்தான்.

மேசைமேல் கணினியைத் திறந்து வைத்தான். திரையில் ஒரு சாளரம் விரிந்திருந்தது. அதன் மூலையிலிருந்த பெருக்கற்குறியைச் சொடுக்கினான். சாளரம் தீப்பற்றி எரிந்தது. மேலிருந்து கீழாகச் செந்தழல் படர, சாளரம் சாம்பலும் இன்றி மறைந்தது. கையிலிருந்த சோற்றுக் கவளத்தை மறந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு சாளரத்தைச் சுட்டியால் பற்றி இழுத்தான். அது நுங்குபோல் தளதளத்து ஆடி அடங்கியது. பிறகு இரு விசைகளை ஒருங்கே அழுத்திச் சுட்டியை நகர்த்தினான். முழுத் திரையும் ஒரு கனசதுரமாக மாறிச் சுழன்றது.

"இதெல்லாம் நீயாகக் கற்றுக்கொண்டாயா?" என்றேன்.

"ஆமாம்மா. எல்லாம் செட்டிங்ஸ்ல இருக்கு. நமக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கலாம்."

'நமக்குப் பிடித்த மாதிரி' என்ற சொற்றொடரை அன்று நான் வியப்போடு கேட்டேன். அதிலுள்ள 'நமக்கு' என்னும் சொல் யாரையெல்லாம் குறிக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்ணாடித் தாள்களின் அடுக்கு

சாளர மேலாளர் என்பது திரையில் தோன்றும் சாளரங்களைத் திறந்து, மூடி, நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒழுங்குபடுத்தும் மென்பொருள். பழைய கணினிகளில் எல்லாச் சாளரங்களும் ஒரே பலகையில் நேரடியாக வரையப்பட்டன. ஒரு சாளரத்தை அகற்றினால் அதன் கீழே மறைந்திருந்த பகுதியை மீண்டும் வரைய வேண்டும். சுவரில் ஒட்டிய சுவரொட்டியைக் கிழித்தால் அடியிலிருப்பதும் சிதைவதைப் போன்றது அது.

பிற்காலத்தில் வேறொரு முறை வந்தது. ஒவ்வொரு சாளரமும் கணினியின் நினைவகத்தில் தனித்தனித் தாளில் வரையப்படுகிறது. வரைகலைச் செயலி அத்தாள்களைக் கண்ணாடித் தாள்களைப்போல் அடுக்கி ஒரே காட்சியாக்கித் திரைக்கு அனுப்புகிறது. பெரும்பாலான திரைகள் ஒரு வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிவினாடி. ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் மில்லிவினாடி. தாள் தனியே இருப்பதால் ஒவ்வொரு காட்சியிலும் அதனைச் சற்றே வளைக்கலாம், மடக்கலாம், மங்கச் செய்யலாம். அதுவே அசைவூட்டம்.

2006ஆம் ஆண்டு வெளியான காம்பிஸ் இம்முறையை லினக்ஸ் பயனர்களிடையே புகழ்பெறச் செய்தது. அதன் தளதளக்கும் சாளரத்துக்குப் பின்னால் நாம் இயற்பியல் வகுப்பில் படிக்கும் சுருள்வில்லே உள்ளது. சாளரத்தை ஒரு வலையாகக் கொண்டு, அதன் முடிச்சுகளைச் சுருள்விற்கள் இணைப்பதாகக் கணக்கிடுவார்கள். வில்லின் விறைப்பு எவ்வளவு, உராய்வு எவ்வளவு என்னும் எண்களை நாமே மாற்றலாம். உராய்வைக் குறைத்தால் சாளரம் நெடுநேரம் ஆடும். கூட்டினால் விரைந்து அடங்கும். சாளரம் திறக்கும்போது எந்த அசைவு, மூடும்போது எது, சிறிதாக்கும்போது எது, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிவினாடி என்பனவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. யாப்பிலக்கணம் படித்த எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தெரிந்து தெளிவோம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் இரண்டாம் நிறுத்தம் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற அவ்வூரில் சி. ராஜம் 1949ஆம் ஆண்டு நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. ஆ.ப.ஜெ. அப்துல் கலாமும், 'சுஜாதா' என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜனும் அங்குப் பயின்றவர்கள். அவ்வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் கட்டற்ற மென்பொருள் வளர்ச்சிக்கான தேசிய வள மையத்தில் இணைந்து பணியாற்றின.

கைதட்டலும் கண்மூடலும்

அடுத்த வாரம் என் சொந்த மடிக்கணினியிலும் அம்மாணவன் அவ்விளைவுகளை அமைத்துக் கொடுத்தான். வீட்டில் இரவு வெகுநேரம் சாளரங்களைத் திறப்பதும் எரிப்பதுமாக இருந்தேன். "நாற்பது வயசுக்குமேல உனக்கு என்ன விளையாட்டு?" என்று என் தாயார் கேட்டார். ஒரு மாணவனின் திறமையைப் பாராட்ட வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. கணினி ஆசிரியரிடம் நானே பேசி, ஆய்வகத்துக் கணினிகளிலும் அவன் அவற்றை நிறுவ இசைவு பெற்றுத் தந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் வகுப்பில் அளபெடை பாடம். ஒளிவீழ்த்தியின் துணையோடு நடத்தத் திட்டமிட்டேன். எடுத்துக்காட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாளரத்தில் வைத்திருந்தேன். ஒன்றை விளக்கி முடித்ததும் மூடுவேன். அது சுவர் அளவுக்குப் பெரிதாகத் தீப்பற்றி எரியும். வகுப்பே கைதட்டியது. கனசதுரம் சுழன்றபோது கடைசி வரிசை மாணவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இருபத்தைந்து ஆண்டு காலம் பணியாற்றினாலும் இப்படியொரு கைதட்டல் கிடைப்பது அரிது என்று எண்ணி மகிழ்ந்தேன்.

முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் கண்களை மூடி, மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தாள். நன்றாகப் படிப்பவள், நாள்தோறும் படப்பையிலிருந்து பேருந்தில் வருபவள். இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தேன். நிமிர்ந்தாள், மீண்டும் கண்களை மூடிக்கொண்டாள். எனக்குச் சினம் வந்தது. "தூக்கம் வந்தால் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா. இவ்வளவு பாடுபட்டு நடத்துகிறேன், உனக்கு உறக்கமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் ஒரு சொல்லும் பேசாமல் சுவரைப் பிடித்தபடி வெளியேறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பதை நான் பார்த்தேன். ஆனால் அது ஏன் என்று எண்ணவில்லை.

அதன்பின் அவள் கடைசி வரிசைக்கு மாறிவிட்டாள். ஆய்வக வகுப்புகளுக்கு வருவதில்லை என்று கணினி ஆசிரியர் கூறினார். பத்து நாள் கழித்து அவளுடைய தாயார் ஒரு கடிதத்துடன் வந்தார்.

"டீச்சரம்மா, இவளை வேற குரூப்புக்கு மாத்திக் குடுங்க. கம்ப்யூட்டர் இவளுக்கு ஒத்துக்கலை."

அன்றைய நிலையில் பாடப்பிரிவு மாற்றத்துக்கு வகுப்பாசிரியரின் கையொப்பம் முதலில் வேண்டும். கடிதத்தை வாங்கிப் படித்தேன். காரணம் என்ற இடத்தில் 'உடல்நலம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவளை அழைத்து என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அந்த பெட்டி சுத்துறப்ப எனக்குத் தலை சுத்துதும்மா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. லேப்லயும் அதேதான் ஓடுது."

"அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எல்லாரும் கை தட்டினாங்கம்மா. எனக்கு மட்டும் ஒத்துக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

நின்ற வண்டியும் நகர்ந்த வண்டியும்

உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உண்டு என்றும், அதில் அவளுக்குச் சிறு குறை இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றும் தாயார் கூறினார். சிறுவயதிலிருந்தே பேருந்தில் சன்னலோரத்தில் அமர்ந்து, ஓட்டுநர் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு வருவாளாம். இராட்டினத்தின் அருகிலேயே போகமாட்டாளாம்.

அன்று மாலை தாம்பரம் நிலையத்தில் மின்வண்டியில் ஏறி அமர்ந்தேன். 1931ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டிகள் ஓடுகின்றன. அவ்வழியில் பயணம் செய்த எவரும் இவ்வனுபவத்தை அறிவர். நம் வண்டி நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகரும். நம் வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று உடல் ஒரு கணம் நம்பிவிடும். மறுபக்கம் திரும்பி நடைமேடைத் தூணைப் பார்த்த பிறகே தெளிவு வரும். அன்றும் அப்படி நேர்ந்தது. அந்த ஒரு கணத்தில் என் வயிற்றில் ஏதோ நழுவுவதுபோல் இருந்தது. அப்போதுதான் அவள் சொன்னது எனக்கு விளங்கியது.

நாம் அசைகிறோமா, நிற்கிறோமா என்பதை மூளை பல வழிகளில் அறிகிறது. ஒவ்வொரு செவியின் உட்புறத்திலும் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. கண்கள் சுற்றுப்புறத்தின் அசைவைத் தெரிவிக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும்வரை இடர் இல்லை. கண் 'சுழல்கிறாய்' என்றும் செவி 'அசையாமல் இருக்கிறாய்' என்றும் சொன்னால் மூளை தடுமாறுகிறது. தலைச்சுற்றலும் குமட்டலும் அத்தடுமாற்றத்தின் விளைவுகள். பெரும்பாலோர்க்கு அது ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். சிலர்க்கு நெடுநேரம் நீடிக்கும். மடிக்கணினியின் சிறு திரையில் பார்த்த எனக்கு வேடிக்கையாக இருந்தது, சுவரளவு விரிந்தபோது முன்வரிசையில் இருந்தவளின் பார்வை முழுவதையும் நிறைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்வது ஒன்றே அவளுக்கு இருந்த நடைமேடைத் தூண். அதற்குத்தான் நான் உறக்கம் என்று பெயர் சூட்டி, அவளை வகுப்பின் சிரிப்புக்கு ஆளாக்கினேன்.

மறுநாள் காலை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நோயின் விவரம் எதையும் சொல்லவில்லை. "அன்று இவர் உறங்கவில்லை. நான் அமைத்த காட்சி தலைசுற்றலைத் தந்தது. பிழை என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்பு மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "எனக்கும் லேசா சுத்துச்சும்மா" என்றான். அவனும் அன்று கைதட்டியவன்தான்.

தாயாரிடம், "ஒரு வாரம் பொறுங்கள். அதன்பிறகும் மாற்றம்தான் வேண்டுமென்றால் கையொப்பமிடுகிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். கடிதத்தை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன்.

மாத்திரையின் கணக்கு

அச்சனிக்கிழமை ஆய்வகத்தில் நால்வர் கூடினோம்: கணினி ஆசிரியர், அம்மாணவன், அம்மாணவி, நான். மாணவன் முகம் வாடியிருந்தது. "நான் யாருக்கும் கெடுதல் செய்யணும்னு வைக்கலைம்மா" என்றான். அது எங்கள் அனைவருக்கும் தெரியும். அவன்தான் அமைப்புப் பலகத்தைத் திறந்தான். எல்லா விளைவுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். தளதளப்பு நின்றது, கனசதுரம் மறைந்தது, தீ அணைந்தது.

"இப்போது சரியா?" என்று கேட்டேன்.

அவள் சிறிது நேரம் பயன்படுத்திப் பார்த்தாள். தலைச்சுற்றல் இல்லை. ஆனால் வேறொரு தொல்லையைச் சொன்னாள். "சாளரம் டக்குன்னு காணாமப் போகுதும்மா. மூடிட்டேனா, சின்னதாக்கினேனா, இல்ல வேற ஒண்ணுக்குப் பின்னாடி போயிடுச்சா, தெரியலை. ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கு."

நாங்கள் எவரும் எதிர்பாராத விடை அது. அசைவு வெறும் அலங்காரம் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். அது ஒரு செய்தியையும் சுமக்கிறது என்று அவள் உணர்த்தினாள். சிறிதாக்கிய சாளரம் கீழ்ப்பட்டையை நோக்கிச் சுருங்கினால், அது எங்கே போயிற்று என்பதைக் கண் பின்தொடர்ந்து அறிந்துகொள்கிறது. மூடிய சாளரம் இருந்த இடத்திலேயே மங்கினால், அது முடிந்துவிட்டது என்று அறிகிறது. பேசிக்கொண்டிருந்தவர் 'போய்வருகிறேன்' என்று சொல்லிச் செல்வதற்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமற்போவதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஆக, அசைவு இருக்க வேண்டும், ஆனால் எவ்வளவு? முன்பு மாணவன் தீ விளைவுக்கு வைத்திருந்த அளவு 1500 மில்லிவினாடி. ஒரு பாடவேளையில் நாற்பது சாளரங்களை மூடினால் ஒரு முழு நிமிடம் எரிவதற்கே போய்விடும். திரையின் மறுமொழி பத்தில் ஒரு வினாடிக்குள், அதாவது 100 மில்லிவினாடிக்குள் வந்தால், அது உடனே நிகழ்ந்ததாகவே நாம் உணர்வோம் என்பது கணினித்துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் அளவு என்று கணினி ஆசிரியர் விளக்கினார்.

அவர் அதைச் சொன்னதும் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. எழுத்தின் ஒலிப்புக் காலத்தை அளக்கக் கருவி ஏதும் இல்லாத காலத்தில், இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரை என்னும் அளவாகக் கொண்டவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் படிக்கிறோம். பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அந்த ஒரு நொடிப்பையும் நான்காகப் பகுத்துப் பார்த்தார்கள். நொடிக்க எண்ணும்போது கால் மாத்திரை; விரல்களைச் சேர்த்து அழுத்தும்போது அரை; திருகும்போது முக்கால்; விடும்போது ஒன்று. ஒரு சிறு அசைவுக்குள்ளும் தொடக்கம், வளர்ச்சி, நிறைவு உண்டு என்று கண்ட நுட்பம் அது. நல்ல அசைவூட்டமும் மெல்லத் தொடங்கி, விரைந்து, மெல்ல அடங்குகிறது. மின்வண்டி நிலையத்திலிருந்து புறப்படுவதும் நிற்பதும் அவ்வாறுதானே?

மனிதர் ஒருமுறை கண்ணிமைக்கப் பத்தில் ஒரு வினாடியிலிருந்து பத்தில் நான்கு வினாடிவரை ஆகிறது. மில்லிவினாடியில் சொன்னால் 100 முதல் 400 வரை. "ஒரு மாத்திரைக்குள் முடியட்டுமே!" என்றேன். மாணவன் சிரித்துவிட்டான். வாட்டம் நீங்கி, எண்களை மாற்றத் தொடங்கினான். 400 வைத்தான், அவள் தலையசைத்து மறுத்தாள். 250, "பரவாயில்லை, ஆனா இன்னும் குறைக்கலாம்." 150 வைத்தபோது அவள் பத்துச் சாளரங்களைத் தொடர்ந்து திறந்து மூடிப் பார்த்தாள். "இது போதும். எங்க போகுதுன்னு தெரியுது, தலையும் சுத்தலை" என்றாள். திறப்பதற்கும் மூடுவதற்கும் மங்கல் விளைவு, 150. சிறிதாக்கக் கீழ்ப்பட்டை நோக்கிச் சுருங்கும் விளைவு, 200. சுழல்வதும் ஆடுவதும் இல்லை. ஆய்வகத்துக் கணினிகள் அனைத்துக்கும் அதுவே அளவென்று முடிவு செய்தோம்.

அளபெடையின் பாடத்தை அன்றுதான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். செய்யுளில் ஓசை குறையும்போது அதனை நிறைக்க நெடில் அளபெடுப்பது செய்யுளிசை அளபெடை. ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காக அளபெடுப்பது இன்னிசை அளபெடை. இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது. ஆனால் வேண்டியதற்காக நீட்டியது எது, இனிமைக்காக நீட்டியது எது என்று பிரித்தறியவும் சொல்கிறது. சாளரம் போகும் இடத்தைக் காட்டும் 200 மில்லிவினாடி முன்னதைப் போன்றது. ஒன்றரை வினாடித் தீ பின்னதைப் போன்றது. இனிமை வேண்டாம் என்பதில்லை. அது கேட்பவர்க்கும் இனிமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தெரிவு செய்யும் உரிமை

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது, அடுத்த ஆண்டே உலக அளவில் பேசுபொருளாயிற்று. 2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 7 என்னும் கைப்பேசி இயங்குதளத்தை வெளியிட்டது. அதில் செயலிகள் திறக்கும்போது திரை பாய்ந்து நெருங்குவதுபோன்ற அசைவுகள் இருந்தன. அவற்றால் தலைச்சுற்றலும் குமட்டலும் ஏற்படுவதாகப் பயனர் பலர் தெரிவித்தனர். சில வாரங்களில் வந்த திருத்தத்தில், அசைவைக் குறைக்கும் அமைப்பு அத்தகைய மாற்றங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று விண்டோஸ், லினக்ஸ், ஆண்டிராய்டு என எல்லா இயங்குதளங்களிலும் அசைவூட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி உண்டு. பயனர் அவ்வாறு தெரிவு செய்திருந்தால், இணையப் பக்கங்களும் அதனை அறிந்து தம் அசைவுகளை அடக்கிக்கொள்வதற்கான தரம் வகுக்கப்பட்டுள்ளது.

மாணவர்களே, உங்கள் கைப்பேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். இவ்வசதி அங்கே இருக்கும். அதனால் பயன்பெறக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். தாத்தாவோ பாட்டியோ "இந்த போன் எனக்கு வேணாம், தலையைச் சுத்துது" என்றால், முதுமையின் பிடிவாதம் என்று நகைத்துவிடாதீர்கள். ஒருமுறை அவ்வமைப்பை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அந்த ஒரு வாரம் முடிந்தது. திங்கட்கிழமை காலை மாணவி என் மேசையருகே வந்து, "அம்மா, அந்த லெட்டரைத் திருப்பிக் குடுங்க" என்றாள். பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று ஆய்வக வகுப்பில் அவள் பெயருக்கு நேரே வருகைக் குறி இடப்பட்டது.

அடுத்த ஆண்டு அவளுக்கும் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. உறையைக்கூட முழுமையாகப் பிரிக்காமல் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். "குடு, நான் செட் பண்ணித் தர்றேன்" என்று கையை நீட்டினான் அம்மாணவன். "வேணாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அமைப்புகளை அவளே திறந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அசைவூட்டத்தை அவள் முற்றிலும் நிறுத்தவில்லை. மங்கல் விளைவை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டத்தில் 150 என்று தட்டினாள். அருகிலிருந்த மாணவனின் திரையில் ஒரு சாளரம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அது அவன் கணினி, அவன் விருப்பம். அவள் கண்டு சிரித்துவிட்டுத் தன் திரையை மட்டும் சற்றே திருப்பி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து, ஒளிவீழ்த்தியை இயக்குமுன் வகுப்பைப் பார்த்து ஒன்று கேட்பது என் வழக்கமாயிற்று: "யாருக்காவது கண்ணை உறுத்துகிறதா? தலை சுற்றுகிறதா?" பெரும்பாலும் எவரும் கைதூக்குவதில்லை. ஆயினும் கேட்டபின் ஒரு மாத்திரைக்குச் சற்று அதிகமாகவே காத்திருக்கிறேன். கைதூக்கத் தயங்குபவருக்கு அந்நேரம் தேவைப்படும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் பயன்படுத்தும் கணினி அல்லது கைப்பேசியில் அசைவூட்ட அமைப்புகள் எங்குள்ளன எனக் கண்டறிந்து, அவற்றின் செயல்பாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.

2. 'வேண்டியதற்காக நீட்டியது, இனிமைக்காக நீட்டியது' என்னும் வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் வகுப்பில் கலந்துரையாடுக.

3. பிறரெல்லாம் மகிழ்ந்த ஒன்று உங்களுக்கு மட்டும் ஒவ்வாததாக இருந்த நிகழ்வையோ, உங்கள் நண்பர் ஒருவருக்கு அவ்வாறு நேர்ந்ததையோ தன்னனுபவக் கட்டுரையாக எழுதுக.